சப்பர்ச்சிரி: உழவர் வென்ற களம்

கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்க்குச் சீக்கியர் புதியவரல்லர். காவற்காரராகவும் போலீஸ்காரராகவும் பால் வணிகராகவும் அவரைக் கண்டிருக்கிறோம். "வங்காளி" என்றே அழைத்துப் பழகினோம், அவரோ பஞ்சாபியர். அவர்தம் முன்னோர் செய்த போர்களுள் ஒன்றைத் தோட்டத் தொழிலாளர் அறிதல் நன்று. அஃது உழைத்தவன் நிலம் பெற்ற வரலாறு.

மொகலாயர் ஆட்சியில் சர்ஹிந்து செல்வம் கொழித்த நகரம். அதன் அதிகாரி வஜீர்கான், குரு கோவிந்த சிங்கின் இளமைந்தர் இருவரைக் கொல்வித்தவன். 1708இல் கோதாவரிக் கரையிலுள்ள நாந்தேடில் குருவைக் கண்டார் மாதவதாஸ் என்னும் துறவி. குருவின் அடியான் என்னும் பொருள்பட, அவரே பந்தா சிங் ஆனார்.

வடக்கே சென்ற அவர் கொடியின்கீழ்த் திரண்டவர் யாவர்? அரச குமாரரா? அல்லர்! ஏர்பிடித்த உழவரும், தோல் பதனிட்டோரும், தெருக்கூட்டியோருமே பெரும்பாலோர்.

1710 மே 12ஆம் நாள், சர்ஹிந்துக்கு அருகே சப்பர்ச்சிரியில் இரு படைகளும் மோதின. வஜீர்கானிடம் பீரங்கிகளும் யானைகளும் இருந்தன. முதற்குண்டு முழங்கியதும், கொள்ளை கருதி வந்து கூடியோர் ஓடினர். படை தளர்வது கண்ட பந்தா சிங் தாமே முன்னணிக்கு விரைந்தார். நெருங்கி நடந்த வாட்போரில் வஜீர்கான் மாண்டான். இரு நாளில் சர்ஹிந்தும் வீழ்ந்தது.

நகரம் சூறையாடப்பட்டது, அதனை யாம் போற்றோம். போற்றத்தக்கது அதன் பின் நிகழ்ந்தது. பந்தா சிங் ஜமீன்தாரி முறையை ஒழித்து, உழுதவர்க்கே நிலத்தை உரிமையாக்கினார். தாழ்ந்தோர் எனத் தள்ளப்பட்டோர் தம் ஊருக்கே அதிகாரிகளாய்த் திரும்பினர். இதனை மதப்போர் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. 1711இல் முஸ்லிம்கள் பலரும் அவர் படையிற் சேர்ந்தனர்.

அவ்வாட்சி நீடிக்கவில்லை. குர்தாஸ் நங்கலில் எட்டு மாத முற்றுகைக்குப் பின், 1715 டிசம்பரில் அவர் பிடிபட்டார். எழுநூற்றுக்கு மேற்பட்ட தோழர்கள் டில்லியில் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவரும் தம் கொள்கையைக் கைவிடவில்லை என, அப்போது டில்லியிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தூதர் எழுதினர். 1716 ஜூனில் பந்தா சிங்கும் கொல்லப்பட்டார்.

ஆயினும், நிலம் தனதாகலாம் என்று கண்ட உழவன் அதனை மறந்தானா? இல்லை. அரை நூற்றாண்டுக்குள், 1764இல், சர்ஹிந்து மீண்டும் சீக்கியர் வசமாயிற்று.

வட சிலாங்கூரில் காடழித்துப் பால்மரமும் செம்பனையும் வளர்த்தவர் நம்மவர். தோட்டங்கள் விற்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாய் உழைத்த பலர் ஒரு முழ நிலமுமின்றி லயத்தை விட்டு வெளியேறினர். நமக்கு வாள் வேண்டா. சங்கமும் சட்டமும் கல்வியும் உள. ஆனால், "உழைத்த மண்ணில் எனக்கும் உரிமை உண்டு" என்னும் எண்ணம் முதலில் வேண்டும். சப்பர்ச்சிரியில் உழவரை நிறுத்திய துணிவு அதுவேயன்றோ!