கல்லச்சும் சுருட்டுச் சீட்டும்

மாமல்லைக் கடற்கரையை அடுத்து வாழும் நமக்குக் கல் என்றதும் நினைவில் எழுவது தருமராசர் தேரும், அதில் பொறிக்கப்பெற்ற பல்லவ மன்னனின் பட்டப் பெயர்களுமே. கல் நிற்கும், தாள் அழியும் என்று எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணத்தைத் தலைகீழாக்குவது பழைய சுருட்டுப் பெட்டிகளின்மேல் ஒட்டப்பெற்ற வண்ணச் சீட்டுகளின் வரலாறு.

புகையிலை மேலைக் கடல் தாண்டி இங்கு வந்தது. ‘சுருட்டு’ என்னும் நம் சொல்லோ இங்கிருந்து சென்று ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த உறையூரிலும் திண்டுக்கல்லிலும் இத்தொழில் தழைத்தது. சென்னை ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை திண்டுக்கல்லில் இயங்கியது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே ‘திருச்சினாப்பள்ளி’ச் சுருட்டை இனங்காண்கிறார். சர்ச்சில் விரும்பியது நம் ஊர்ச் சுருட்டு என்று பெருமை பேசுவோர் பலர். அப்பேச்சினும் பெட்டியின் மேலிருந்த தாளே வரலாற்று மாணவனுக்குப் பெரிது என்பேன்.

அத்தாள் பிறந்ததும் கல்லிலேதான். செனபெல்டர் என்னும் ஜெர்மானியர் 1796ஐ ஒட்டிக் கண்டறிந்த முறையே கல்லச்சு. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் இடம் வலமாக மாற்றி வரைவர். கல்லை நனைத்து மை உருட்டினால் கோடுகள் மட்டும் மையைப் பற்றும். எங்கல்மன் 1837இல் வண்ணக் கல்லச்சுக்கு உரிமை பெற்றார். வண்ணம் ஒன்றுக்குக் கல் ஒன்று. பத்து வண்ணமெனில் ஒரே தாள் பத்து முறை அழுத்தப்பெறும், மயிரிழையும் பிசகாமல். கியூபாவின் சுருட்டு வணிகர் இக்கலையைப் பெட்டிக்கு ஏற்றிப் புகழ்பெற்றனர். அச்சு முடிந்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஆக, இங்கே அழிந்தது கல். எஞ்சிய ஒரே சான்று தாள்.

படத்துக்கு ஏன் இத்துணைச் செலவு? 1901இல் நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. வாங்குபவன் கேட்டது பெயரை அன்று, ‘மார்க்’கை. வணிகச் சின்னச் சட்டம் 1940இல்தான் வந்தது. அதற்கு முன்னர்ச் சின்னத்தின் உரிமையைப் பதிவாளரிடம் உறுதிமொழியாகப் பதிந்து, செய்தித்தாளில் எச்சரிக்கை அறிவிப்பும் வெளியிடுவர். அழகுக்காக நாம் சேர்க்கும் சீட்டு, வணிகனுக்குச் சொத்துப் பத்திரம் போன்றது. வரைந்த ஓவியனின் பெயரோ பெரும்பாலும் அதில் இராது. கோவில்பட்டி கொண்டையராஜு நாட்காட்டிப் படங்களால் பெயர் பெற்றார். சீட்டு வரைந்தோர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. மாமல்லைச் சிற்பிகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

புகையிலைக்குப் பரிந்து பேசுவது என் நோக்கமன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 2009 முதல் பொதிகளில் எச்சரிக்கைப் படம் கட்டாயமாயிற்று. 2016 முதல் முகப்பின் 85 விழுக்காடு அதற்கே உரியது. தகும். ஆயினும், அழகு நஞ்சை விற்ற கதையை அறியவும் அப்பழைய சீட்டுகள் வேண்டும். அவற்றைக் குப்பையோடு எரித்துவிட்டால் அக்கதைக்குச் சான்றில்லை.

நம் பகுதியில் இவற்றைக் காப்பது எளிதன்று. கடற்காற்றின் ஈரம் தாளில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். மாவுப் பசையை நாடி இராமபாணப் பூச்சி வரும். பெட்டியிலிருந்து பிரிக்க வெதுவெதுப்பான நீர் போதும் என்பர். எண்ணெய் மையில் அச்சிட்டவை தாங்கும். நீரில் கரையும் சாயமெனில் நொடியில் கலங்கிவிடும். மூலையில் ஈரப்பஞ்சை ஒற்றிப் பார்த்த பின்னரே நனைக்க வேண்டும். ஐயமிருப்பின் பெட்டியோடு வைத்திருப்பதே மேல். ஒட்டுப்புத்தகத்தில் அழகாக அமையவேண்டி ஓரத்தை நறுக்குவோரும் உளர். அச்சகத்தின் பெயரும் ஊரும் பல சீட்டுகளில் எறும்பளவு எழுத்தில் அக்கீழ் ஓரத்திலேதான் இருக்கும்.