பதுளைக்குக் கோச்சி வந்த கதை

களியாட்டப் பூங்கா ஒன்றில் புதிய ரோலர் கோஸ்டர் எழும்பத் தொடங்கிவிட்டால், வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு தூணும் நடப்படுவதைப் படம்பிடித்து, எந்த வளைவு எங்கே வரும், எந்த இடத்தில் வண்டி கவிழ்ந்து நிமிரும் என்று மாதக்கணக்கில் வாதிடும் ரசிகர் கூட்டம் மேலைநாடுகளில் உண்டு. இது என்ன பைத்தியம் என்று நம்மவர்கள் சிரிக்கலாம். ஆனால் இரும்புப் பாதை ஒன்று வருமா வராதா, எந்த வழியாக வரும் என்று 30 ஆண்டுகள் காத்திருந்த மாகாணம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அது ஊவா.

ரோலர் கோஸ்டரின் மூதாதையரில் ஒன்றும் மலை ரயில்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மலையிலிருந்து நிலக்கரியைக் கீழே இறக்குவதற்காக 1827ஆம் ஆண்டு ஒரு பாதை போட்டார்கள். சரிவில் தானாக ஓடிய அந்த வண்டியில் பின்னர் உல்லாசப் பயணிகள் காசு கொடுத்து ஏறினார்கள். உழைப்புக்காகப் போட்ட பாதை விளையாட்டுக்காகிப் போனது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் பின்னாளில் நேர்ந்ததும் இதுவே.

கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை 1867இல் கண்டியை அடைந்தது. 1885இல் நானு ஓயா. அடுத்த ஆண்டே ஊவா தனி மாகாணமாயிற்று. மாகாணம் வந்தது, பாதை வரவில்லை. தோட்டத் துரைமார் மனு மேல் மனுவாக அனுப்பினர். கொழும்பின் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திய ஃபெர்குசன்கள் விடாமல் எழுதினர். (பத்திரிகை எழுதி ரயில் வந்த காலம் அது!) 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அத்தோடு பாதை நின்றுவிட்டது. பதுளைக்கு எஞ்சியது ஏறத்தாழ 20 மைல்தான். அந்த 20 மைலுக்கு 1924 ஏப்ரல் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் முதலாம் உலகப் போரும் வந்து போயிற்று.

வேலை எளிதானதன்று. இது அகலப் பாதை; தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி. 44 அடிக்கு 1 அடிக்கு மேல் சரிவு கூடாது என்பது விதி. தார்ஜிலிங்கில் ஓடும் இரண்டடிப் பாதையின் சின்ன வண்டி போல் நினைத்த இடத்தில் திரும்பிவிட இயலாது. தெமோதரையில் மலை சட்டென்று இறங்குகிறது. ஆகவே பாதை நிலையத்தைக் கடந்து, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. சற்றுமுன் மேலே நின்ற வண்டி இப்போது அந்த நிலையத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

வேலை நடந்ததைக் கண்ட தோட்டத்து மக்களும் கிராமத்து மக்களும் அறிக்கை எழுதி வைத்தவர்கள் அல்லர். அவர்கள் விட்டுச் சென்றவை கதைகள். வழி தெரியாது திகைத்து நின்ற பொறியியலாளர், தோட்டத்து இந்தியக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம்; அதிலிருந்து பிறந்ததாம் தெமோதரை வளையம். அந்தப் பொறியியலாளர், இலங்கை நீர்மின் திட்டங்களின் தந்தை எனப்படும் டி. ஜே. விமலசுரேந்திரா என்பர். எல்லவுக்கு அப்பாலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. போரினால் இரும்பு கிடைக்காதபோது அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் கல்லாலேயே கட்டித் தருவதாக ஏற்றாராம். முதல் வண்டி ஓடும்போது பாலத்தின் அடியிலேயே படுத்துக்கொண்டாராம்.

இவற்றை அப்படியே வரலாறாகக் கொள்ள நான் தயங்குகிறேன். சுழல் பாதை 1882இலேயே சுவிற்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலையில் வந்துவிட்டது. அதை அறியத் தலைப்பாகை தேவையில்லை. பாலத்தின் கட்டுமானம் பற்றி எச். சி. மார்வுட் எழுதிய விரிவான அறிக்கையை இலங்கைப் பொறியியற் சங்கம் 1923இல் வெளியிட்டது. அதன் தலைப்பே அதனைக் கொங்கிறீற்றுப் பாலம் என்கிறது. ஆயினும் கங்காணியின் கதையைத் தள்ளிவிட மனம் வரவில்லை. பாதையின் வரலாற்றில் தமிழ்த் தொழிலாளர் உலகத்திலிருந்து நுழைந்த ஒரே உருவம் அவர்தான். அவருக்கும் பெயரில்லை.

பதுளைக்குக் கோச்சி வந்தபின் (மலையகத்தார் ரயிலை அப்படித்தான் அழைப்பர்) தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியிலிருந்து இறங்கின. தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பல் 1914இலேயே ஓடத் தொடங்கியிருந்ததால், மன்னார்க் காட்டு வழியே நடந்து மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து பதுளை வரை இரும்புப் பாதையிலேயே வர முடிந்தது.

அதே பாதை அவர்களைத் திருப்பியும் அனுப்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. எவரையும் கேட்டுச் செய்த முடிவன்று. பதுளையிலும் பண்டாரவளையிலும் தகரப் பெட்டிகளோடு ஏறியவர்களையும் மேடையில் நின்றவர்களையும் கண்டு மக்கள் அந்த வண்டிக்குச் சூட்டிய பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கம் தம் நூலொன்றுக்கு இதையே பெயராக வைத்தார்.

இன்று ஒன்பது வளைவுப் பாலம் உலகெங்கும் அறிந்த படம். வெளிநாட்டுப் பயணிகள் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று, கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, வண்டி எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். சிலர் ஓடும் வண்டியின் வாசற்படியில் தொங்கிப் படமெடுக்கிறார்கள். நான் இதைக் குறை சொல்லவில்லை. அவர்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அந்தச் செடிகளில் கொழுந்து பறிப்பவர்கள் படத்தின் ஓரத்தில் எங்காவது இருப்பார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மண்சரிவில் பதுளை மாவட்டம் பெருந்தொகை உயிர்களை இழந்தது. மலையகப் பாதையும் பல இடங்களில் சிதைந்து வண்டிகள் நின்றன. நூறாண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வியையே ஊவா மக்கள் மறுபடி கேட்க நேர்ந்தது: கோச்சி எப்போது வரும்?