ஆப்பிளா... கப் கேக்கா? 2 இனிப்பு பெர்ஃப்யூம்களில் எதை வாங்கலாம்?

டெஸ்டர் அட்டையில் ஒரு ஸ்பிரே, மூக்கருகே ஒரு முறை, அடுத்து நேராக பில் கவுண்டர். பழ வாசனை பெர்ஃப்யூம்களில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். ஏன்னா, அட்டையில் அடிக்கும் அந்தப் பழ வாசனை உடம்பில் ரொம்ப நேரம் நிற்காது.

உதாரணத்துக்கு 2 பிரபல பாட்டில்களை எடுத்துக்கலாம். ஒன்று, நினா ரிச்சி நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த 'நினா'. ஆப்பிள் வடிவ பாட்டில். இன்னொன்று, பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரில் 2005-ல் வந்த 'ஃபேன்டஸி'. பிங்க் நிற உருண்டை, மேலே பச்சைக் கற்கள். பொதுவாக நினாவின் விலை அதிகம்.

இரண்டும் இனிப்பு, இரண்டும் பழம். அப்போ வித்தியாசம் என்ன?

நினா எலுமிச்சையில் தொடங்கும். பிறகு பச்சை ஆப்பிள், கூடவே சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம் மிட்டாய் போன்ற பிரலைன் வாசனை. ஃபேன்டஸியில் முதலில் வருவது கிவியும் லிச்சியும். அது அடங்கினதும் கப் கேக், ஒயிட் சாக்லேட் என முழுக்க பேக்கரி வாசனைதான்.

பழம் ஏன் சீக்கிரம் காணாமல் போகுது?

எலுமிச்சைத் தோலில் இருந்து எண்ணெய் எடுக்கலாம். ஆப்பிள், கிவி, லிச்சியில் அப்படி எடுக்க முடியாது. அந்த வாசனைகள் ஆய்வகத்தில் உருவாக்கப்படுபவை. அவற்றில் பல லேசான மூலக்கூறுகள், தோலின் சூட்டில் வேகமாக ஆவியாகிவிடும். ஆனால் பஞ்சு மிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்டால், வெண்ணிலா வாசனை தரும் வெனிலின் எல்லாம் மெதுவாகத்தான் போகும். 1992-ல் தியரி முக்லரின் 'ஏஞ்சல்' இந்த எத்தில் மால்டாலைத் தாராளமாகப் பயன்படுத்தி ஹிட் ஆன பிறகுதான், மிட்டாய் வாசனை பெர்ஃப்யூம்கள் வரிசையாக வந்தன.

அதனால் பழத்தை நம்பி வாங்காதீங்க. கடைசியில் மிஞ்சும் இனிப்பு பிடிக்குதான்னு பாருங்க.

ஒரு மணிக்கட்டில் நினா, இன்னொன்றில் ஃபேன்டஸி. அடிச்சதும் கடையை விட்டு வெளியே வந்துடுங்க. 2 மணி நேரம் கழித்து முகர்ந்து பார்த்தால் உண்மை தெரிஞ்சிடும். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு குழம்பிவிடும். சில கடைகளில் நீட்டும் காபிக்கொட்டையால் பெரிய பலன் இல்லை, வெளிக்காற்றே போதும்.

வெயில் நேரம், ஏசி ஆபீஸ், நெரிசலான பஸ் என்றால் நினா சமாளிக்கும். அதில் இனிப்போடு எலுமிச்சையும் கஸ்தூரியும் இருப்பதால் திகட்டாது. ஃபேன்டஸி வெயிலில் கொஞ்சம் தூக்கலாகவே தெரியும், பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வந்தாலும் ஆச்சரியம் இல்லை. மாலை ஃபங்ஷன், மழைக்காலம் என்றால் அதே இனிப்பு அழகாக எடுபடும். அப்பவும் ஒரு ஸ்பிரே போதும்.

பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், அவர் இனிப்பு வாசனை போடுபவரா என்று முதலில் கேட்டுக்குங்க. தெரியலைன்னா 30 மில்லி பாட்டிலோடு நிறுத்திக்கலாம்.