வீட்டிலேயே ரெக்கார்டிங்: பட்ஜெட் கண்டென்சர் மைக் எது யாருக்கு செட் ஆகும்? வாங்கும் முன் இதைப் பாருங்க!

கவர் சாங், பாட்காஸ்ட், டப்பிங் வாய்ஸ் டெஸ்ட், ஆன்லைன் கிளாஸ் என இன்று எல்லாமே வீட்டு அறையில் இருந்தே நடக்கிறது. போனில் பேசி அனுப்பினால் போதாது என்ற கட்டம் வரும்போது, பலரும் முதலில் தேடுவது கண்டென்சர் மைக்கைத்தான்.

ஆனால், சேர்த்து வைத்த காசில் மைக் வாங்கி, ஆசையாகப் பாடிப் பதிவு செய்து கேட்டால் பாட்டை விட ஃபேன் சத்தம் தூக்கலாகக் கேட்கிறது. சிலருக்கோ குரலே சரியாகப் பதிவாவதில்லை. பெரும்பாலும் தவறு மைக்கில் இருப்பதில்லை, அதைத் தேர்வு செய்த விதத்தில்தான் இருக்கிறது. எந்த மைக், யாருக்கு, ஏன் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

கண்டென்சர் மைக் என்றால் என்ன?

1916-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஈ.சி. வென்டே உருவாக்கியதுதான் கண்டென்சர் மைக். இதன் உள்ளே மிக மெல்லிய சவ்வு ஒன்றும், அதன் பின்னால் ஒரு உலோகத் தகடும் இருக்கும். நாம் பேசும்போது சவ்வு அதிரும். சவ்வுக்கும் தகடுக்கும் உள்ள இடைவெளி மாற மாற, அது மின் சிக்னலாக மாறுகிறது.

சவ்வு லேசாக இருப்பதால் மூச்சுச் சத்தம், தம்புராவின் மெல்லிய ரீங்காரம் வரை நுணுக்கமாகப் பிடிக்கும். அதுதான் இதன் பலம். பக்கத்து வீட்டு குக்கர் விசிலையும் அதே அக்கறையோடு பிடிக்கும். அதுதான் இதன் பலவீனம்.

மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 போன்றவை டைனமிக் மைக்குகள். அவை காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு இயங்குபவை. அவற்றை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுவதால் சுற்றுப்புறச் சத்தம் குறைவாகவே கேட்கும்.

48 வோல்ட்: பலரும் கோட்டை விடும் இடம்

ஸ்டூடியோ கண்டென்சர் மைக் இயங்க வெளியில் இருந்து மின்சாரம் வேண்டும். இதற்கு 'பேன்டம் பவர்' என்று பெயர். பொதுவாக 48 வோல்ட். மைக்கின் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாகவே இது செல்லும். போனிலோ லேப்டாப்பிலோ உள்ள 3.5 மி.மீ. ஜாக் இந்த 48 வோல்ட்டைத் தராது.

இதற்காகத்தான் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்ற பெட்டி தேவை. பெஹ்ரிங்கர் யுஎம்2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவை இந்த ரகம். ஆக, எக்ஸ்எல்ஆர் மைக் வாங்குபவர்கள் மைக் விலையோடு இன்டர்ஃபேஸ், கேபிள், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் யுஎஸ்பி மைக் இருக்கிறது. இன்டர்ஃபேஸ் செய்யும் வேலை அதற்குள்ளேயே நடந்துவிடும். லேப்டாப்பில் சொருகினால் போதும். ஆனால் பின்னாளில் தனியாக நல்ல ப்ரீஆம்ப் வாங்கினாலும், யுஎஸ்பி மட்டும் உள்ள மைக்கை அதில் இணைக்க முடியாது.

மாடல்கள் எப்படி? ஓர் ஒப்பீடு

பிஎம்-800: ஷாப்பிங் தளங்களில் மிக மலிவாக, ஸ்டாண்டு, ஃபோம் எல்லாம் சேர்த்து 'செட்'டாகக் கிடைப்பது. ஒரே பெயரில் பலரும் தயாரிப்பதால் தரம் ஒன்றுபோல இருக்காது. கூடவே வரும் 3.5 மி.மீ. கேபிளில் இணைத்தால் சத்தம் குறைவாகவும் இரைச்சலாகவும் பதிவாக வாய்ப்பு அதிகம். பழகிப் பார்க்க ஓகே. வேலைக்கு அனுப்பும் வாய்ஸ் சாம்பிளுக்கு இதை நம்ப வேண்டாம்.

ஆடியோ-டெக்னிகா ஏடி2020: பல ஆண்டுகளாக 'முதல் மைக்' என்று பரிந்துரைக்கப்படும் ஜப்பானிய நிறுவனத் தயாரிப்பு. முன்பக்கச் சத்தத்தை மட்டும் அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு ரகம். மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபல். 144 டெசிபல் வரை தாங்கும் என்பதால் பறை, தவில் போன்ற உரத்த வாத்தியங்களுக்கும் பயப்படத் தேவையில்லை.

ஆடியோ-டெக்னிகா ஏடி2035: ஏடி2020-க்கு அடுத்த படி. சொந்த இரைச்சல் 12 டெசிபல். ஃபேன், ஏசி போன்றவற்றின் அடி உறுமலைக் குறைக்கும் 80 ஹெர்ட்ஸ் ஃபில்டர் ஸ்விட்ச் மைக்கிலேயே உண்டு.

ரோட் என்டி1-ஏ: ஆஸ்திரேலிய நிறுவனத்தின் தயாரிப்பு. 1 இன்ச் கேப்சூல். சொந்த இரைச்சல் வெறும் 5 டெசிபல். ஆடியோபுக், மெல்லிய குரலில் பாடுவது, வீணை போன்றவற்றுக்குப் பொருத்தம். இதே குடும்பத்தில் 2023-ல் வந்த ஐந்தாம் தலைமுறை என்டி1-ல் எக்ஸ்எல்ஆர், யுஎஸ்பி இரண்டுமே இருக்கிறது.

ப்ளூ யெட்டி: பிரபலமான யுஎஸ்பி மைக். உள்ளே 3 கேப்சூல்கள். நான்கு விதமான ஒலிப்பதிவு முறைகளை மாற்றிக்கொள்ளலாம். எதிரெதிரே இருவர் அமர்ந்து ஒரே மைக்கில் பேட்டி எடுக்கவும் முடியும். மைக்கிலேயே ஹெட்போன் சொருகி உடனுக்குடன் கேட்கலாம்.

குறைந்த இரைச்சல் உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

இங்கேதான் கவனம் தேவை. 20 டெசிபலை விட 5 டெசிபல் நல்லது என்பது உண்மை. ஆனால் இரவில் அமைதியாகத் தெரியும் ஒரு படுக்கையறையிலேயே சுமார் 30 டெசிபல் அளவுக்குச் சத்தம் இருக்கும். ஃபேன் ஓடினால் அது இன்னும் கூடும். அதாவது, அறையின் சத்தமே மைக்கின் இரைச்சலை மூழ்கடித்துவிடும். அப்படிப்பட்ட அறையில் ஏடி2020-க்கும் என்டி1-ஏ-க்கும் உள்ள இரைச்சல் வித்தியாசம் காதுக்கே தெரியாது. கூடுதலாகக் கொடுத்த காசு ஃபேன் காற்றோடு போன மாதிரிதான்!

மெயின் ரோட்டை ஒட்டிய வீடு, ஃபேனை நிறுத்தவே முடியாத சூழல் என்றால், கண்டென்சருக்குப் பதில் ஒரு டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பதிவு செய்வதே புத்திசாலித்தனம்.

செலவில்லாமல் தரத்தைக் கூட்டுவது எப்படி?

* மைக்கின் எந்தப் பக்கம் பாட வேண்டும் என்று பாருங்க. மேலே சொன்ன எல்லாமே பக்கவாட்டில் பேச வேண்டிய மைக்குகள். ஐஸ்கிரீம் கோன் போல நுனியில் பேசினால் குரல் மங்கிப்போகும். என்டி1-ஏ-வில் தங்க நிறப் புள்ளி உள்ள பக்கம்தான் முன்பக்கம்.

* மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் தூரம் போதும். 30 செ.மீ. தூரத்தை 15 செ.மீ. ஆகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். ரொம்பவும் ஒட்டினால் கார்டியாய்டு மைக்கில் அடிக்குரல் கனத்துவிடும்.

* கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். எனவே ஜன்னல், லேப்டாப் ஃபேன் போன்ற சத்தங்கள் மைக்கின் முதுகுப் பக்கம் வரும்படி வையுங்க.

* வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலியைக் கூட்டும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைப்பது, பின்னால் ஜமுக்காளம் அல்லது கனமான போர்வை தொங்கவிடுவது நன்றாகவே கைகொடுக்கும்.

* 'ப', 'ப்ப' சொல்லும்போது வரும் காற்றைத் தடுக்க பாப் ஃபில்டர் அவசியம்.

* கண்டென்சருக்கு ஈரப்பதம் ஆகாது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் மைக்கை மூடிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைப்பது நல்லது.

அப்போ எதைத்தான் வாங்கலாம்?

ஆன்லைன் கிளாஸ், யூடியூப் வாய்ஸ் ஓவர், பாட்காஸ்ட் மட்டும் என்றால் யுஎஸ்பி மைக் போதும். பாட்டு, வாத்தியம், டப்பிங் என்று தொடரப் போகிறீர்கள் என்றால் ஏடி2020-யும் ஒரு சாதாரண இன்டர்ஃபேஸும் நல்ல தொடக்கம். அமைதியான அறை ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் என்டி1-ஏ பக்கம் போகலாம். எதை வாங்கினாலும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில், வாரண்டியோடு வாங்குங்க. பிரபல மாடல்களுக்குப் போலிகளும் உலவுகின்றன.

வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை: நீங்கள் பதிவு செய்யப்போகும் அறையில், அதே நேரத்தில், போனில் ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் ரெக்கார்டு செய்து ஹெட்போனில் கேளுங்க. அதில் என்னென்ன கேட்கிறதோ, அவை அத்தனையும் கண்டென்சரில் இன்னும் தெளிவாகக் கேட்கும். முதலில் சரி செய்ய வேண்டியது அதைத்தான். மைக் அதற்குப் பிறகு வரட்டும்.