பொண்ணு பீடி சுத்துவாளா?

அம்மாவுக்கு நடந்த ஒரே நேர்காணல், பெண் பார்க்க வந்த அன்றுதான். “பொண்ணு பீடி சுத்துவாளா? பாஸ்புக் இருக்கா?” இருந்தது, கல்யாணம் முடிந்தது.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் இது புதிதல்ல. பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, மடியில் சுளகோடு வீட்டிலேயே சுற்றுவார்கள். முதலாளியை அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்றது 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். அதற்குப் பெண்கள் கையில் இருந்த சாட்சி அந்தப் பாஸ்புக். அது கிடைக்காதவர்கள் அடுத்தவர் பெயரில் சுற்றினார்கள். வருங்கால வைப்புநிதியும் அந்தப் பெயருக்கே போனது.

“வீட்டுல சும்மாதான இருக்கா” என்பார் அப்பா. தாமிரபரணிக் கரைப் பெண்களின் தொழில் வரலாற்றை, அந்தச் ‘சும்மா’விலிருந்துதான் நான் படிக்கத் தொடங்கினேன்.