மூன்று மானிகள் ஒன்றான கதை

வானொலிப் பெட்டியைத் தாமே செப்பனிட விழைவோர் முதலில் வாங்க வேண்டிய கருவி எது? விடை பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பிறந்தது. அத்துறையின் பொறியாளர் டொனால்டு மெக்காடி, மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகியவற்றை அளக்கத் தனித்தனி மானிகளைச் சுமந்து சலித்தார். மூன்றையும் ஒன்றாக்கி அவர் அமைத்த 'ஏவோமீட்டர்' 1923-இல் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களே அப்பெயராயின. முள் ஒன்றே, உள்ளிருக்கும் இணைப்பை மாற்றினால் அளவையும் மாறும். அதன் வழிவந்த மல்டிமீட்டரே இன்றும் சிறுமுதலுடையார்க்கு முதல் துணை.

ஆயினும், மின்தடையை அளக்குமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். மின்தேக்கியில் எஞ்சிய மின்னூட்டத்தைத் தக்க தடையின் வழியே வடியுங்கள். பழைய வால்வுப் பெட்டிகளில் அந்த எச்சம் உயிரையே பறிக்கக்கூடும்.