வேகமா, தரமா? குறுந்தட்டுப் பதிவுக் கருவியின் வரலாறு

பழைய ஒலிநாடாவில் இருக்கும் பிள்ளைகளின் பாட்டையும் பாட்டிமார் சொன்ன கதையையும் குறுந்தட்டில் பதிந்து வைக்க எந்தக் கருவியை வாங்கலாம் என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. பெட்டியின் மீது பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் வேக எண்ணைப் பார்த்தே பலரும் முடிவு செய்கின்றனர். அவ்வெண் தரத்தின் அளவுகோல் அன்று. இக்கருவியின் வரலாறே அதற்குச் சான்று.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் 1980-ஆம் ஆண்டில் ‘சிவப்பு நூல்’ எனப்படும் தர வரையறையை வகுத்தன. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிய வேண்டும் என்பது அதன் விதி. 1982 அக்டோபர் முதல் நாள் ஜப்பானில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது.

தட்டில் கீறலும் தூசியும் படியும் என்பதை உணர்ந்தே அதனுள் பிழைதிருத்தும் முறையொன்றையும் சேர்த்தனர். இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1960-இல் வெளியிட்ட குறியீட்டு முறையே அதற்கு அடிப்படை. ஒரு நொடி இசை 7,350 சட்டகங்களாகப் பகுக்கப்படுகிறது. அவற்றுள் பிழைபட்டவை சராசரியாக 220-க்குக் குறைவாக இருந்தால் அத்தட்டு வரையறைக்கு உட்பட்டதே. அத்தகைய சிறு பிழைகள் திருத்தப்பட்டுவிடுவதால் செவிக்குப் புலப்படுவதில்லை.

ஆயினும் இசைத்தட்டுக்கு ஒரு குறை உண்டு. கணினிக் கோப்புகளைப் பதியும் தட்டில், 2,352 பைட்டு கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2,048 மட்டுமே கோப்புக்கு உரியது. எஞ்சிய இடத்தில் மேலும் ஓர் அரண் அமைந்துள்ளது. இசைத்தட்டிலோ அவ்விடம் முழுவதும் இசைக்கே செலவாகிறது. முதல் அரணைக் கடந்து ஒரு பிழை வந்தால், கருவி அண்டை எண்களைக் கொண்டு ஊகித்து நிரப்பும். அதுவும் இயலாதபோது இடையில் ஒலி அறுபடும் அல்லது ‘டிக்’ என்ற ஓசை எழும்.

பதியத்தக்க வெற்றுத்தட்டை ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988-இல் உருவாக்கியது. அதற்கான ‘ஆரஞ்சு நூல்’ 1990-இல் வெளிவந்தது. லேசர் ஒளி தட்டின் சாயப் படலத்தைச் சூடாக்கி, ஒன்பது வகை நீளங்களில் அடையாளங்களை இடுகிறது. அந்நீளங்கள் துல்லியமாக அமைவதே பதிவின் தரம்.

1995-இல் எச்பி நிறுவனம் ஆயிரம் அமெரிக்க டாலருக்குச் சற்றுக் குறைவாக ஒரு கருவியை விற்கத் தொடங்கியது. பின்னர் விலை சரிந்தது, வேகப் போட்டி மூண்டது. ஒரு மடங்கு வேகத்தில் மிகச் சிறிய அடையாளத்தை இட லேசருக்கு ஏறத்தாழ 694 நானோ நொடி கிடைக்கும். 52 மடங்கு வேகத்தில் கிடைப்பதோ 13 நானோ நொடியே. அவ்வேகமும் தட்டின் வெளி விளிம்பில் மட்டுமே எட்டப்படும்.

இப்போட்டியின் நடுவே தரத்தை எண்ணிப் பார்த்தவர்களும் இருந்தனர். யமஹா நிறுவனம் 2001-இல், அடையாளங்களைச் சற்று நீட்டி எழுதும் இசைக்கான தனி முறையைத் தன் கருவியில் சேர்த்தது. அதனால் 74 நிமிடத் தட்டில் 63 நிமிடமே பதியலாம். அளவைக் குறைத்துத் துல்லியத்தைக் கூட்டிய முயற்சி அது. ஆனால் 2003-இல் யமஹா அத்தொழிலிலிருந்து விலகியது. அதே ஆண்டில் வெளிவந்த பிளெக்ஸ்டர் பிரீமியம் என்னும் கருவி, தட்டிலுள்ள பிழைகளை எண்ணிக் காட்டும் வசதியைப் பயனரிடமே தந்தது. தையோ யூடனும் 2015-இல் தட்டுத் தொழிலைக் கைவிட்டது. மலிவும் வேகமும் சந்தையை வென்றன.

இவ்வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் பாடம் ஒன்று. பிழைதிருத்தும் ஆற்றல் தட்டுக்கு நாம் வைக்கும் சேமிப்பு. கவனமின்றிப் பதிந்தால் அச்சேமிப்பு முதல் நாளே கரைந்துவிடும். அன்று பாட்டு நன்றாகவே ஒலிக்கும். ஆண்டுகள் கழிந்து சாயம் மங்கும்போதுதான் இருப்பு இல்லாமை தெரியவரும். அதற்குள் மூல ஒலிநாடா குப்பைக்குப் போயிருக்கும்.

எனவே பெற்றோர்களே, வேக எண்ணை ஒதுக்கிவிட்டு, பதிவு வேகத்தை நாமே குறைக்க இடம் தரும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். மிகக் குறைந்த வேகமே எப்போதும் சிறந்தது என்பதும் சரியன்று. அதிவேகத்திற்கெனச் செய்யப்பட்ட சாயம் ஒரு மடங்கில் செம்மையாகப் பதியாமல் போகலாம். இடைப்பட்ட வேகங்களில் பதிந்து, வேறொரு கருவியில் முழுவதும் கேட்டுப் பாருங்கள். ஒலிக்கோப்பின் படியொன்றையும் கணினியில் வைத்திருங்கள். ஒலிநாடாவை மட்டும் அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள்.